மொழி பயில்வோர் நோக்கில் ஜெர்மன் இலக்கிய வரலாறு

ஜெர்மன் இலக்கிய வரலாற்றை அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் கற்பதும், அம்மொழியை இப்போதுதான் பயிலத் தொடங்கியவர் கற்பதும் ஒன்றல்ல. முன்னவருக்கு அது தம் வீட்டுக் கதை. பின்னவருக்கு அது அயல் வீட்டுக் கதை. கதை புரிவதற்கு முன் அந்த வீட்டின் பேச்சு புரியவேண்டும். இக்கட்டுரை பின்னவரின் நிலையிலிருந்து, குறிப்பாகத் திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்திலிருந்து ஜெர்மன் பயிலும் தமிழ் மாணவரின் நிலையிலிருந்து அவ்வரலாற்றை மதிப்பிடுகிறது. இதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட ரேனியஸ் 1820 முதல் 1838 வரை பாளையங்கோட்டையில் வாழ்ந்து, தமிழ் பயின்று, தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அவர் அடைந்ததும் அடையாமல் விட்டதும் இன்று எதிர்த்திசையில் பயணம் செய்யும் மாணவருக்குப் பயன்படும்.

பட்டியலாகக் கற்கும் முறை

ஜெர்மன் இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் காலப் பகுப்பை அடிப்படையாகக் கொண்டவை. பழைய உயர் ஜெர்மன் காலம், இடைக்கால உயர் ஜெர்மன் காலம், சீர்திருத்தக் காலம், பரோக், அறிவொளிக் காலம், புயலும் வேகமும், செவ்வியல், கற்பனாவாதம், யதார்த்தவாதம், இயற்கைவாதம், வெளிப்பாட்டுவாதம், புலம்பெயர்ந்தோர் இலக்கியம், 1945-க்குப் பிந்தைய இலக்கியம் என்று வரிசை செல்லும். தமிழ் மாணவருக்கு இது பழகிய முறை. சங்க காலம், சங்கம் மருவிய காலம், பக்தி இலக்கியக் காலம் என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். நூலையும் ஆசிரியரையும் பொருத்துக என்ற வினாவுக்கு விடை எழுதியவர்கள்.

இம்முறையின் குறை, நூலைப் படிக்காமலேயே நூலின் பெயரைப் படித்து முடித்துவிடலாம் என்பதே. தாய்மொழி மாணவருக்கு இக்குறை ஓரளவு தானாகவே சரியாகிவிடும். பாடலாகவோ பழமொழியாகவோ பாட்டி சொன்ன கதையாகவோ அந்த இலக்கியத்தின் சில துளிகள் முன்பே அவர் காதில் விழுந்திருக்கும். அயல்மொழி மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்குப் பட்டியல் பட்டியலாகவே நின்றுவிடுகிறது. கொதே 1774-ல் 'வெர்தரின் துயரங்கள்' எழுதினார், 'ஃபவுஸ்ட்' முதல் பகுதி 1808-லும் இரண்டாம் பகுதி 1832-லும் வெளிவந்தன என்று அறிந்த ஒருவர், கொதேயின் ஒரு பக்கத்தையும் ஜெர்மனில் வாசிக்காதவராக இருக்கக்கூடும். அவர் கற்றது இலக்கிய வரலாறா, ஆண்டுக் கணக்கா என்பதே முதல் கேள்வி.

இரண்டாவது குறை வரிசை பற்றியது. காலவரிசைப்படி தொடங்கினால் மாணவர் முதலில் சந்திப்பது ஒன்பதாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட 'ஹில்டெபிராண்ட் பாடல்'. தந்தையும் மகனும் போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கும் கதை. முடிவு கிடைக்காமல் 68 அடிகளோடு அது அறுந்து நிற்கிறது. இன்றைய ஜெர்மானியரும் இதை உரையின்றி வாசிக்க முடியாது. தமிழ் கற்க வந்த ஓர் அயல்நாட்டவருக்குத் தொல்காப்பியத்தை முதல் பாடமாக வைப்பது போன்றது இது.

லூத்தர்: ஏட்டு மொழி பேச்சை நெருங்கிய இடம்

அயல்மொழி மாணவருக்கு ஜெர்மன் இலக்கிய வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் மார்ட்டின் லூத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பு. புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரிலும், முழு விவிலியம் 1534-லும் விட்டென்பெர்க் நகரில் அச்சாயின. அதற்கு முன்பும் ஜெர்மனில் விவிலிய மொழிபெயர்ப்புகள் அச்சாகியிருந்தன. ஆனால் அவை லத்தீன் சொல்வரிசையைப் பின்தொடர்ந்த மொழிபெயர்ப்புகள். லூத்தர் ஹீப்ரு, கிரேக்க மூலங்களுக்குச் சென்றார். சொல்லுக்காக மக்களிடம் சென்றார்.

1530-ல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு பற்றிய திறந்த மடலில் தம் முறையை அவர் விளக்கியிருக்கிறார். வீட்டில் தாய் எப்படிப் பேசுகிறாள், தெருவில் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள், சந்தையில் எளிய மனிதன் எப்படிப் பேசுகிறான் என்று அவர்கள் வாயைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. மனத்தில் நிரம்பியிருப்பதே வாயில் வரும் என்ற பொருளுடைய மத்தேயு நற்செய்தி வரியை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். லத்தீனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எந்த ஜெர்மானியனும் பேசாத ஒரு வாக்கியம் கிடைக்கும் என்று வாதிடுகிறார்.

லூத்தர் வெறும் பேச்சுமொழியை எழுதிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சாக்சனி அரசின் அலுவல் மொழியை அவர் அடித்தளமாகக் கொண்டார். வடக்கேயும் தெற்கேயும் வெவ்வேறு வட்டார வழக்குகள் வழங்கிய நிலப்பரப்பில், பலருக்கும் புரியக்கூடிய ஒரு நடுமொழியை அவர் தேர்ந்தார். அந்த நடுமொழிக்குச் சந்தையின் உயிர்ப்பைக் கொடுத்தார். ஜெர்மனி ஒரே அரசாக ஆனது 1871-ல். எழுத்துமொழி அதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே ஒன்றுபடத் தொடங்கிவிட்டது. பின்னாளில் மதநம்பிக்கை இல்லாத பெர்டோல்ட் பிரெக்ட்கூடத் தம்மை மிகவும் பாதித்த நூல் விவிலியம் என்று சொன்னார். கேட்பவர் சிரிக்கக்கூடும் என்ற முன்னுரையோடு அவர் அதைச் சொன்னார். அவர் குறிப்பிட்டது நம்பிக்கையை அல்ல, மொழியை என்றே கொள்ளவேண்டும்.

பாளையங்கோட்டையில் ரேனியஸ்

சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ் 1790 நவம்பர் 5 அன்று பிரஷ்யாவில் பிறந்தார். 1814-ல் சென்னைக்கு வந்தார். 1820-ல் பாளையங்கோட்டைக்கு மாறினார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் பயின்றார். 1838 ஜூன் 5 அன்று பாளையங்கோட்டையிலேயே மறைந்தார். திருச்சபை வட்டாரத்துக்கு வெளியே அவரை நினைவுகூரச் செய்பவை இரண்டு நூல்கள். ஒன்று 1832-ல் வெளிவந்த 'பூமி சாஸ்திரம்'. மற்றது ஆங்கிலத்தில் வெளிவந்த தமிழ் இலக்கண நூல்.

லூத்தரின் மரபில் வந்த ஒருவருக்கு மொழிபெயர்ப்பு பற்றிய கேள்வி புதிதல்ல. ரேனியஸ் விவிலிய மொழிபெயர்ப்பின் நெறிகள் பற்றி 1827-ல் தனியே ஒரு கட்டுரை வெளியிட்டார். பப்ரீஷியஸின் மொழிபெயர்ப்பு மூலத்தின் சொற்களை விடாமல் பற்றிக்கொண்டது. ரேனியஸ் தமிழ்த் தொடரமைப்புக்கு முதலிடம் கொடுத்தார். படிப்பவருக்குப் பொருள் விளங்கவேண்டும் என்பதே அவர் அளவுகோல்.

இலக்கண நூலிலும் இதே நோக்கம்தான். அவருக்கு முன் வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனி நூல்கள் எழுதியிருந்தார். ரேனியஸ் இரண்டுக்கும் நடுவே ஒரு மொழியைத் தேடினார். நன்கு கற்ற தமிழர் பேசுவதும் எழுதுவதுமான தமிழ், ஆனால் அவர்களிடம் காணப்படும் இலக்கணப் பிழைகள் நீங்கிய தமிழ் என்று தம் நூலின் எல்லையை அவர் வகுத்துக்கொண்டார். சாக்சனியின் அலுவல் மொழியை லூத்தர் தேர்ந்ததற்கும் இதற்கும் ஒற்றுமை தெரிகிறது.

ஆனால் வேறுபாடே மாணவர் கவனிக்கவேண்டியது. லூத்தர் பார்த்தது தம் தாய்மொழிச் சந்தையை. ரேனியஸ் நின்றது அயலாரின் சந்தையில். தாமிரபரணிக் கரையில் அவர் காதில் விழுந்த பேச்சில் 'வந்தாவ' என்றும் 'சொல்லுதான்' என்றும் வழங்கும். எது வட்டார வழக்கு, எது பிழை, எது பழைய இலக்கிய வடிவத்தின் எச்சம் என்று பிரித்தறிய அவருக்கு ஒரு கவிராயரின் துணை வேண்டியிருந்தது. கவிராயர் கற்றது பழைய இலக்கியத்தின் வழியாக. ரேனியஸ் அந்த அறிவைப் பயன்படுத்தினார். ஆனால் தம் இலக்கணத்தின் மையத்தில் அதற்கு இடம் வைக்கவில்லை. செய்யுள் அவருடைய தேவைக்கு வெளியே இருந்தது.

விளைவை வரலாறு காட்டுகிறது. அவருடைய இலக்கணம் தமிழ் பயின்ற ஐரோப்பியருக்கு நல்ல கைநூலாக இருந்தது. அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பு நிலைக்கவில்லை. பவர் தலைமையில் உருவான 1871-ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில் பரவியது. லுத்தரன் திருச்சபையினர் நெடுங்காலம் பப்ரீஷியஸையே கைக்கொண்டனர். லூத்தரின் நூல் ஜெர்மன் இலக்கியத்தின் வீடாயிற்று. ரேனியஸின் பணி தமிழ் உரைநடை நடந்துவந்த பாதையில் ஒரு படியாக நின்றது. இதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. நிகழ்கால வழக்கை முழுதாகக் கற்ற ஒருவர் எட்டக்கூடிய உயரம் எது, எட்டமுடியாத உயரம் எது என்பதற்கு அது தெளிவான சான்று.

சீகன்பால்குவும் கிரௌலும்

ரேனியஸுக்கு நூறாண்டு முன்பு வேறொரு ஜெர்மானியர் வேறொரு வழியில் தமிழ் கற்றார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். இரண்டே ஆண்டுகளில், 1708-ல், தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் தயாரித்தார். 119 தமிழ் நூல்கள் அதில் இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் அது எதைப் பற்றியது, எத்தகையது என்ற குறிப்பும் உண்டு. மொழி பயில்பவர் ஒருவர் எழுதிய இலக்கிய வரலாறு என்று இதைச் சொல்லலாம்.

அதன் குறைகள் வெளிப்படையானவை. நீதி நூல்களை வியந்த அவர், தம் சமயத்துக்கு மாறானவற்றை அந்த அளவுகோலாலேயே அளந்தார். ஆனால் ஒரு மொழியில் பேசுவதற்கு அம்மொழியினர் எதைப் படிக்கிறார்கள் என்று அறியவேண்டும் என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்.

மூன்றாமவர் கார்ல் கிரௌல். லைப்சிக் மிஷனின் இயக்குநரான அவர் 1849 முதல் 1853 வரை கீழை நாடுகளில் பயணம் செய்தார். பின் 'பிப்ளியோதேகா தமுலிகா' என்ற தொகுதி வரிசையில் தமிழ் நூல்களை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தார். 1856-ல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். பேச்சு வழக்கையும் பழைய நூலையும் இணைத்துக் கற்கும் வழிக்கு அவர் எடுத்துக்காட்டு. திருநெல்வேலி மாணவருக்கு இந்நூல் வேறொரு விதத்திலும் உதவும். பொருள் முன்பே தெரிந்த குறளை ஜெர்மனில் படிக்கும்போது அகராதியின் உதவி குறைவாகவே தேவைப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் நடைக்கு அது ஒரு நல்ல வாயில்.

தமிழ் மாணவருக்கு எளிதும் அரிதும்

ஆங்கிலம் வழியாக ஜெர்மன் கற்கும் தமிழ் மாணவர், ஆங்கிலேயருக்குக் கடினமான சிலவற்றைத் தாமும் கடினம் என்று நம்பிவிடுகிறார். வினை வாக்கியத்தின் இறுதிக்குச் செல்வது அவற்றுள் ஒன்று. 'நான் நேற்று ஆற்றில் குளித்தேன்' என்பது ஜெர்மன் பேச்சில் 'இஹ் ஹாபெ கெஸ்டர்ன் இம் ஃப்ளுஸ் கெபாடெட்' என்றாகும். துணைவினை முன்னே நின்றாலும் குளித்ததைச் சொல்லும் சொல் கடைசியில்தான் வருகிறது. சார்பு வாக்கியங்களில் வினை முழுவதுமே இறுதிக்குப் போய்விடும். இறுதிச் சொல்வரை காத்திருந்து பொருள் கொள்வது தமிழருக்குப் பிறவிப் பழக்கம். தொகைச் சொற்களும் அப்படியே. கையுறைக்கு ஜெர்மனில் 'ஹண்ட்ஷூ', அதாவது கைச்செருப்பு. தமிழ்க் காதுக்கு இது அந்நியமாக ஒலிப்பதில்லை.

உண்மையான கடினம் பால் பாகுபாட்டில் உள்ளது. உயர்திணை, அஃறிணை என்று பொருளை ஒட்டிப் பால் வகுக்கும் தமிழருக்கு, கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத மூன்றாம் பால் என்பது விளங்காத விதி. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லும் மூன்றாம் பாலே. இதை வெறும் இலக்கணத் தொல்லை என்று ஒதுக்கினால் கவிதை கைநழுவிப்போகும். ஜெர்மனில் சூரியன் பெண்பால், நிலவு ஆண்பால், சாவு ஆண்பால். ஐஷென்டார்ஃபின் 'நிலவிரவு' என்ற புகழ்பெற்ற கவிதையில் வானம் பூமியை ஓசையின்றி முத்தமிட்டது போலிருந்ததாக ஒரு கற்பனை வருகிறது. வானம் ஜெர்மனில் ஆண்பால், பூமி பெண்பால். ஆங்கிலத்தில் இந்த உறவு மறைந்துவிடுகிறது. நிலமகள் என்ற சொல்லாட்சி உள்ள தமிழில் அதை உணர்வது எளிது. இலக்கணமும் இலக்கிய வரலாறும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதற்கு இந்த ஒரு கவிதை போதும்.

சொற்பொருள் மாற்றமும் கவனிக்கத்தக்கது. 1200-ஐ ஒட்டி எழுதப்பட்ட 'நீபெலுங்கன் பாடல்' போன்ற இடைக்கால நூல்களில் 'ஆர்பைட்' என்ற சொல்லின் பழைய வடிவம் துன்பத்தைக் குறிக்கும். இன்று அது வேலை. 'ஹோக்ட்சைட்' அன்று பெருவிழா, இன்று திருமணம். தமிழில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று வேறு பொருளில் வழங்குவதை அறிந்த மாணவருக்கு இது வியப்பாக இராது. ஆனால் இன்றைய அகராதியோடு பழைய நூலுக்குள் நுழையக்கூடாது என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது.

பின்னிருந்து முன்னே செல்லும் வாசிப்பு

மேற்கண்டவற்றிலிருந்து, மொழி பயில்பவருக்கு இலக்கிய வரலாறு அண்மைக் காலத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வதே பொருத்தம் என்று தெரிகிறது. அடிப்படை நிலைகளைக் கடந்த மாணவர் முதலில் வாசிக்கத்தக்கவை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சிறுகதைகள்.

வோல்ஃப்காங் போர்ஷர்ட்டின் 'ரொட்டி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரொட்டி பங்கீடாகக் கிடைத்த நாட்களில், நள்ளிரவில் சமையலறையில் ஒரு முதியவர் மனைவிக்குத் தெரியாமல் ஒரு துண்டு வெட்டித் தின்கிறார். மனைவிக்கு அது தெரிந்துவிடுகிறது. அவர் பொய் சொல்கிறார். அவள் அதை நம்பியதுபோல் நடந்துகொள்கிறாள். மறுநாள் தன் பங்கில் ஒரு துண்டை அவருக்குத் தருகிறாள். வாக்கியங்கள் குட்டையானவை, சொற்கள் அன்றாடச் சொற்கள். நாஜி ஆட்சி முழக்கங்களால் மொழியைக் கெடுத்துவிட்ட பிறகு, எளிய சொற்களைத் தவிர வேறு எதையும் நம்ப முடியாத தலைமுறையின் நடை அது. மாணவருக்கு எளிதாக இருப்பதும் வரலாற்றில் அவசியமாக இருந்ததும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

சுவிட்சர்லாந்தின் பீட்டர் பிக்செல் எழுதிய 'மேசை என்றால் மேசை' என்ற கதையில், சலிப்புற்ற முதியவர் ஒருவர் பொருள்களின் பெயர்களை மாற்றி வைத்துக்கொள்கிறார். கட்டிலைப் படம் என்கிறார், மேசையைக் கம்பளம் என்கிறார். முதலில் வேடிக்கையாக இருக்கிறது. கடைசியில் அவர் பேச்சு யாருக்கும் புரியாமல் போகிறது, மற்றவர் பேச்சு அவருக்கும் புரிவதில்லை. அயல்மொழி பயிலும் எவருக்கும் இக்கதை தம்மைப் பற்றியதாகத் தோன்றும்.

அடுத்த படி கிரிம் சகோதரர்களின் கதைகள். முதல் தொகுதி 1812-லும் இரண்டாம் தொகுதி 1815-லும் வெளிவந்தன. கதை சொல்வதற்குரிய இறந்தகால வடிவங்கள் இக்கதைகளில் திரும்பத் திரும்ப வருவதால் மனத்தில் பதியும். எனினும் இவற்றை நாட்டுப்புறக் குரலின் நேர்ப்பதிவு என்று கொள்ளக்கூடாது. ஒவ்வொரு பதிப்பிலும் நடையைத் திருத்தி அவர்கள் மெருகேற்றினர். பின்னாளில் அதே சகோதரர்கள் ஜெர்மன் மொழிக்குப் பேரகராதி தொடங்கினர். அதன் முதல் தொகுதி 1854-ல் வெளிவந்தது. முழுமையடைய நூறாண்டுக்கு மேலாயிற்று. பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளையும் தொகுத்தார், கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியும் செய்தார். கதையைத் திரட்டுபவர் சொல்லையும் திரட்டுவது இரு மொழிகளிலும் நிகழ்ந்திருக்கிறது.

இதன் பின் ஹைனெ, காஃப்கா, லெஸ்ஸிங், கொதே, ஷில்லர் என்று சென்று, லூத்தரை அடைந்து, இறுதியில் இன்றைய ஜெர்மன் உரையின் துணையோடு 'நீபெலுங்கன் பாடல்' வரை போகலாம்.

ஆங்கிலம் என்னும் பாலம்

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடும் தாமிரபரணியின் மேல் சுலோசன முதலியார் பாலம் திறக்கப்பட்டது 1843-ல். ரேனியஸ் காலத்தில் அந்தப் பாலம் இல்லை. ஆனால் அவருக்கு வேறொரு பாலம் இருந்தது. ஜெர்மானியரான அவர் தமிழுக்கு எழுதிய இலக்கணத்தின் விளக்கமொழி ஆங்கிலம். இன்றும் தமிழ் மாணவர் ஜெர்மன் கற்பது பெரும்பாலும் ஆங்கிலக் கைநூல்களின் வழியே.

பாலம் வழி வருவதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. கொதேயைப் பரவசப்படுத்திய சாகுந்தலம், வில்லியம் ஜோன்ஸின் ஆங்கிலத்திலிருந்து கெயார்க் ஃபோர்ஸ்டர் 1791-ல் ஜெர்மனாக்கியது. 'ஃபவுஸ்ட்' நாடகத்தின் முன்னரங்கக் காட்சியில் அதன் சாயல் உண்டு என்பர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன் உலகச் சிறுகதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் ஆங்கிலம் வழியாகத்தான். அந்தப் பாலம் இல்லாவிட்டால் தமிழ்ச் சிறுகதையின் பரப்பு சுருங்கியிருக்கும்.

ஆனால் பாலத்தில் சில பொருள்கள் தவறி விழுகின்றன. காஃப்காவின் 'உருமாற்றம்' 1915-ல் வெளிவந்தது. அதன் நாயகன் கண்விழிக்கும்போது ஆகியிருப்பது 'உன்கெட்ஸீஃபர்'. ஆங்கிலத்தில் பூச்சி என்றும் புழுபூச்சி என்றும் பலவாறு பெயர்த்தனர். தமிழ் வாசகர் மனத்தில் அது கரப்பான் பூச்சியாகவே பதிந்துவிட்டது. ஜெர்மன் சொல் எந்த ஓர் உயிரையும் குறிப்பதில்லை. வீட்டில் இருக்கக்கூடாத, அழிக்கத்தக்க சிற்றுயிர்க் கூட்டத்தின் பொதுப்பெயர் அது. அதன் பழைய வேர், பலிக்குத் தகாத அசுத்த விலங்கு என்ற பொருளுடையது. முகப்பில் பூச்சியின் படத்தை வரையவே கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதியதன் காரணம் இப்போது விளங்கும். ஒரே சொல்லில் இடைக்காலமும் இருபதாம் நூற்றாண்டும் சந்திக்கின்றன. இலக்கிய வரலாறு மொழி பயில்பவருக்கு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை இல்லை.

காஃப்காவின் 'விசாரணை' நாவலை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மன் மூலத்திலிருந்தே தமிழாக்கினார். க்ரியா அதை வெளியிட்டது. மூலத் தலைப்பான 'புரோட்ஸெஸ்' நீதிமன்ற வழக்கையும் ஒரு தொடர்நிகழ்வையும் சேர்த்துக் குறிக்கும். எதைக் கொள்வது, எதை விடுவது என்று மூலத்தோடு நேரே போராடும் வாய்ப்பு, மொழியைக் கற்றவருக்கே கிடைக்கிறது.

நாட்டு எல்லையும் மொழி எல்லையும்

ஜெர்மன் இலக்கியம் என்பது ஜெர்மனி நாட்டின் இலக்கியம் மட்டுமல்ல. காஃப்காவும் ரில்கேயும் பிராகில் பிறந்தவர்கள். பால் செலான் செர்னோவிட்ஸில் பிறந்தவர். தம் தாயைக் கொன்றவர்களின் மொழி தம் தாயின் மொழியாகவும் இருந்த நிலையில் அவர் எழுதினார். 2009-ல் நோபல் பரிசு பெற்ற ஹெர்தா முல்லர் ருமேனியாவின் ஜெர்மன் பேசும் சிற்றூரிலிருந்து வந்தவர். பிக்செல் எழுதிய சுவிட்சர்லாந்தில், வீட்டில் பேசும் ஜெர்மனும் பள்ளியில் எழுதும் ஜெர்மனும் வேறு வேறு. யாழ்ப்பாணத் தமிழையும் மலேசியத் தமிழையும் உட்கொண்டே தமிழ் இலக்கியத்தை எண்ணிப் பழகியவருக்கு இந்த விரிவு எளிதில் விளங்கும். வீட்டில் நெல்லை வழக்கும் தேர்வுத்தாளில் செந்தமிழும் எழுதும் மாணவருக்குச் சுவிஸ் மாணவரின் இரட்டை வாழ்க்கை அறிமுகமானதே.

மதிப்பீடு

பின்னிருந்து முன்னே செல்லும் வாசிப்பில் ஓர் ஆபத்து உண்டு. எளிதான இடத்திலேயே நின்றுவிடுவதுதான் அது. வேலைவாய்ப்புக்காகவும் மேற்படிப்புக்காகவும் ஜெர்மன் பயில்வோர், தேவையான நிலைத் தேர்வை எழுதி முடித்ததும் மொழியோடு உறவை முடித்துக்கொள்வது இயல்பு. அவர்களைக் குறை சொல்ல இயலாது. ரேனியஸும் தம் பணிக்கு வேண்டிய தமிழைத்தான் கற்றார், அதைச் செம்மையாகவே கற்றார். ஆனால் கவிராயர் ஒருவர் அருகில் இருந்தும், அவர் அறிந்த இலக்கியம் ரேனியஸின் இலக்கணத்தில் ஓரத்திலேயே நின்றது.

சீகன்பால்கு நூல்களின் வழியே மக்களைத் தேடினார். ரேனியஸ் மக்களின் பேச்சு வழியே நூலை அமைத்தார். கிரௌல் இரண்டையும் இணைக்க முயன்றார். மூவரின் அனுபவமும் சேர்ந்து சொல்வது, மொழி பயில்பவருக்கு இலக்கிய வரலாறு பட்டம் பெற்ற பின் படிக்கும் கூடுதல் பாடம் அல்ல என்பதே. முதல் சிறுகதையிலிருந்தே அது மொழிப்பாடத்தின் உள்ளே இருக்கவேண்டும். ஒரு காலகட்டத்தின் பெயரைக் கற்பிக்கும் முன் அக்காலத்தின் ஒரு பக்கத்தையாவது உரக்க வாசிக்கச் செய்யும் ஆசிரியரால் இது இயலும். போர்ஷர்ட்டின் ஒரு பக்கத்தை அகராதியின்றி வாசித்து முடித்த மாணவர், பத்துக் காலகட்டங்களின் பெயரை ஒப்பிப்பவரைவிட ஜெர்மன் இலக்கிய வரலாற்றில் அதிக தொலைவு சென்றவர். அவர் அடுத்து எடுக்கும் நூல் அதைவிடப் பழையதாக இருந்தால் போதும்.